டேம்பருக்கு வைத்த பொட்டு

போன சனிக்கிழமை என் கணவரின் வலது மணிக்கட்டு கத்தரிக்காய் போல வீங்கிவிட்டது. காரணம் நான்தான்.

கையை ஓங்கவில்லை. பூரிக்கட்டையைத் தொடவில்லை. நான் செய்தது ஒன்றே ஒன்று — ஒரு இரும்புச் சக்கரத்துக்குப் பொட்டு வைத்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சுடும். என் கைதான் சூடோ என்று சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். அதுவும் சுடும். சுவருக்கே காய்ச்சல் வந்திருக்குமோ என்று ஒரு கணம் யோசித்த பிறகுதான் இது மரக்காணம், இது மே மாதம் என்பது ஞாபகம் வரும். போதாக்குறைக்கு நான் பி.எஸ்ஸி. பௌதிகம். படிக்காத அம்மாவுக்கு ஒரு பயம் என்றால் ஒரு பயம்தான். படித்த அம்மாவுக்கு அந்த ஒரு பயத்துக்கு ஏழெட்டுக் காரணம் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் ஒரு கார் இருக்கிறது. உடனே எங்களைப் பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். என் கணவர் இங்கே ஒரு உப்பளத்தில் சூப்பர்வைசர். புதுச்சேரியில் ஒரு வயதான டாக்டர், பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய தன்னுடைய அமெரிக்கக் காரை, "பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் போதும்" என்று இவர் தலையில் கட்டிவிட்டார். யானை மாதிரி வண்டி. எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் அது நின்றால் வீடுதான் காருக்கு ஷெட் போலத் தெரியும்.

கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒருநாள் திண்டிவனம் ரோட்டில் 'டங்' என்று ஒரு சத்தம்... எஞ்சினுக்குள் இருக்கும் கிராங்க் இரண்டாக உடைந்துவிட்டது.

கிராங்க் என்பது எஞ்சினின் முதுகெலும்பு. பிஸ்டன்கள் மாறி மாறி அடிக்கிற அடியில் அது ஈரத்துணி போல லேசாக முறுக்கிக்கொள்ளும், திரும்பும், மறுபடி முறுக்கும். அந்த நடுக்கத்தை வாங்கிக்கொள்வதற்காக அதன் மூக்கில் கனமாக ஒரு சக்கரம் மாட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே ரப்பர். புத்தகத்தில் அதன் பெயர் ஹார்மோனிக் பேலன்ஸர். பட்டறையில் டேம்பர். எங்கள் கடற்கரைக் காற்றில் எது தாங்கும்? அந்த ரப்பர் கருவாடாகிவிட்டது. நடுக்கத்தை வாங்க ஆளில்லாமல் முதுகெலும்பு போய்விட்டது.

இதை எனக்கு விளக்கிவிட்டு என் கணவர் சொன்னார்: "நீ மட்டும் எஞ்சினாப் பொறந்திருந்தா உனக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டு டேம்பர் மாட்டணும்."

சிரிக்க வேண்டுமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

எஞ்சினைத் திரும்பக் கட்டிக்கொடுக்க வந்தவர் காசிம் பாய். கூனிமேட்டில் பட்டறை வைத்திருக்கிறார். தன்னைப் பற்றிக் குறைத்துச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. "மெட்ராஸ்லேருந்து புதுச்சேரி வரைக்கும் இந்த எஞ்சினைத் தொடறதுக்கு ஒரு ஆளு இருக்குதுன்னா, அது யாருன்னு நான் சொல்லக் கூடாது" என்பார். சொல்லாமலும் விடமாட்டார்.

உடைந்த மாதிரியே இன்னொரு கிராங்க் கிடைக்கவில்லை. பாய் மெட்ராஸுக்குப் போய், பழைய இரும்புக் கடைகளில் தேடி, அதே எஞ்சினின் லாரி வகையிலிருந்து ஒரு கிராங்க் கொண்டுவந்தார். "இது அதுக்கு அண்ணன் முறைம்மா. அப்படியே உக்காந்துக்கும்" என்றார். இது நீளமாக வீசும் கிராங்க். பிஸ்டன் முன்பைவிட அதிக தூரம் ஏறி இறங்கும், இழுவை கூடும். வெளிநாட்டில் இதற்கு ஸ்ட்ரோக்கர் எஞ்சின் என்று பெயராம். என் கணவர் அன்றிலிருந்து உப்பளத்தில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "நம்ம வண்டி இப்ப ஸ்ட்ரோக்கர்" என்று சொல்ல ஆரம்பித்தார். கேட்ட தொழிலாளிகள் அனுதாபத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

லாரி கிராங்க் என்றால் டேம்பரும் லாரியுடையதுதான் வேண்டும். அதுவும் வந்து சேர்ந்தது. மாட்ட வேண்டிய நாள் போன சனிக்கிழமை.

ஏன் சனிக்கிழமையே ஆக வேண்டும்? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காசிம் பாயின் ஒரே மகள் மெஹருக்கு நிக்காஹ்.

மாப்பிள்ளை கோட்டக்குப்பத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மத்தியானம் கூனிமேட்டில் நிக்காஹ் முடிந்து, சாயங்காலம் பெண் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். புதுச்சேரியிலிருந்து டாக்சி வைத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி சொன்னாராம். பாய் விடவில்லை. "என் பொண்ணு நான் கட்டின எஞ்சின்லதான் போவும்" என்று ஜமாத்தார் நாலு பேர் இருக்கும்போது சொல்லிவிட்டார். என் கணவரும் பெருமையோடு, "வண்டி தர்றது மட்டுமில்ல பாய், நானே ஓட்டிட்டு வர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆக ஒரு பெண்ணின் புறப்பாடும் ஒரு தகப்பனின் வார்த்தையும் அந்தச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட சக்கரத்தின் பக்கத்தில் என்னை விட்டிருக்கலாமா?

காலையில் பாய் வந்தபோது, "நாளைக்குக் கல்யாணத்தை வச்சுக்கிட்டு வீட்ல வேலை இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"பந்தல் போட ஆளு இருக்குது. பிரியாணி போட ஆளு இருக்குது. எஞ்சின் போடத்தான் ஆளு இல்ல" என்றார். பிறகு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "அதோட, அங்க அவ பொட்டி கட்டிக்கிட்டு இருக்கறா. பாத்துக்கிட்டு உக்காந்திருக்க முடியல" என்றார்.

டேம்பரைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. அடித்தால் நடுவில் இருக்கும் ரப்பர் விட்டுப்போகும். சூடுபடுத்தினால் இரும்பு லேசாக விரிந்துகொடுக்கும், அப்போது நீள போல்ட்டும் நட்டும் போட்டு நிதானமாக இழுத்து உட்கார வைக்க வேண்டும். நெருப்பில் நேரடியாகக் காட்டினாலும் ரப்பர் கருகும். அதனால் வெந்நீர்.

"ஒரு குண்டான்ல தண்ணி கொதிக்க வைம்மா" என்றார் பாய்.

கொதிக்க வைப்பதா? பால் புட்டி, ரப்பர், கரண்டி, பாலாடை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை எதையாவது கொதிக்க வைத்துக்கொண்டே இருப்பவளிடமா சொல்ல வேண்டும்? ஆனால் உடனே ஒரு சந்தேகம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. இரும்பு அரித்துவிட்டால்? குடிக்கிற தண்ணீரை எடுத்தேன், தூரத்து பம்பிலிருந்து சுமந்து வந்தது. அன்றைக்குச் சக்கரம் நல்ல தண்ணீரில் குளித்தது. நாங்கள் மூன்று பேரும் சாயங்காலம் வரை ஒரு சொம்பில் சமாளித்தோம்.

கோணிப்பையால் பிடித்து டேம்பரை எடுத்தார்கள். கிராங்கின் மூக்கில் சின்ன சாவித்துண்டு ஒன்று இருக்கும், அதற்கு நேராகப் பள்ளத்தை வைத்து, கையால் ஒரு தள்ளு. பிறகு போல்ட். பாய் ஒவ்வொரு சுற்றாக ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப, அது முனகிக்கொண்டே உள்ளே போனது.

"சோப்பு மாதிரி போவுது பாருங்க சார்" என்றார் பாய். "சும்மாவா. யாரு கை."

கடைசியில் 'டொக்' என்று உட்கார்ந்தது. இரண்டு ஆண்களும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பாப்பா பிறந்தபோதுகூட என் கணவர் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பாய் டேம்பரின் விளிம்பில் எதையோ தேடிக் கண்டுபிடித்து, சாக்பீஸால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார். "வந்ததும் ரேடியேட்டரை மாட்டிட்டு டைமிங் வச்சிடலாம்" என்றார். என் கணவர் ரேடியேட்டரைக் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

வாசலில் நானும் சக்கரமும்.

வானூரில் இருக்கும் என் மாமியார் ஒன்றை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார்: புதுசாக எது வந்தாலும், மஞ்சள் குங்குமம் வைக்காமல் ஆரம்பிக்கக் கூடாது. தையல் மெஷின், ரேடியோ, ஸ்டவ், எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறேன். இதற்கு மட்டும் வைக்காமல் விட்டு, நாளைக்கு அந்தப் பெண் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டால்? யார் காரணம்? ரேடியேட்டரை மாட்டிவிட்டால் அந்த இடுக்கில் கைகூடப் போகாது. இப்போது விட்டால் விட்டதுதான்.

தட்டை எடுத்து வந்தேன். முதலில் ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்தேன். விளிம்பில் வெள்ளையாக ஏதோ அழுக்கு. அதையும் துடைத்தேன்.

மஞ்சள் குழைத்து ஒரு தீற்று, அதன் மேல் குங்குமம். அழகாக இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். போனேன்... அடுக்களை வரை போனேன். அங்கே பிடித்துக்கொண்டது பௌதிகம்.

இதன் பெயர் என்ன? பேலன்ஸர். சமநிலை என்பதுதான் அதற்கு வேலையே. ஒரே பக்கத்தில் மஞ்சளை அப்பினால் அந்தப் பக்கம் கனக்காதா? நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும்போது மையவிலக்கு விசை சும்மா இருக்குமா? ஒரு சிட்டிகை மஞ்சளால் மறுபடி கிராங்க் உடைந்தால்? எதிர்ப்பக்கம் இன்னொன்று வைத்தால் சரியாகிவிடும். ஆனால் இரண்டு என்பது இரட்டைப்படை, நல்ல காரியத்துக்கு ஆகாது. அப்படியானால் மூன்று. மூன்றையும் ஒரே இடைவெளியில் வைக்க வேண்டும்.

நூல் எடுத்து வந்து சக்கரத்தைச் சுற்றி அளந்து, அதை மூன்றாக மடித்து, பழைய பொட்டை அழித்துவிட்டு, புதிதாக மூன்று பொட்டு வைத்தேன். அளவெடுத்து வைத்த குங்குமம். பல்கலைக்கழகம் பார்த்திருந்தால் பட்டத்தைத் திரும்பக் கேட்டிருக்கும்.

மனசு நிம்மதியாகிவிட்டது. எனக்கு அது அபூர்வம். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பாய் திரும்பி வந்தார். ரேடியேட்டர் மாட்டியாயிற்று. இனி டைமிங். பிஸ்டன் மேலே வந்து சேரும் சமயம் பார்த்து பிளக்கில் பொறி விழ வேண்டும். ரொம்ப முன்னாலேயே விழுந்தால், ஏறி வருகிற பிஸ்டனை நெருப்பு எட்டி உதைத்துப் பின்னால் தள்ளிவிடும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டதா என்று வெளியிலிருந்து தெரிந்துகொள்வதற்குத்தான் டேம்பரின் விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு இருக்கிறது. எஞ்சின் மேல் ஒரு முள். கோடு முள்ளுக்கு நேரே வந்தால், பிஸ்டன் உச்சியில்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும்.

பாய் இடுக்கில் டார்ச் அடித்துக்கொண்டு, இவரைக் கைப்பிடியால் எஞ்சினை மெதுவாகத் திருப்பச் சொன்னார். "இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... வந்திருச்சு. வை." பொறி விழும் இடத்தை அங்கேயே வைத்து முடுக்கினார்.

பேட்டரி இறங்கியிருந்தது. அதனால் கைப்பிடி போட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் பாப்பாவின் காதில் பஞ்சு வைத்து, கூடவே ஒரு குல்லாயும் மாட்டி, தள்ளி நின்றுகொண்டேன்.

"நான் சுத்தறேன் சார்" என்றார் பாய்.

"விடுங்க பாய். என் வண்டி, என் கை" என்றார் என் கணவர்.

சுற்றினார். எஞ்சின் 'டப்' என்று ஒரு சத்தம் போட்டது. கைப்பிடி வந்த வழியே பேய் வேகத்தில் திரும்பியது. இவர் கைப்பிடியை விட்டாரா, கைப்பிடி இவரை விட்டதா தெரியாது. அடுத்த கணம் மணலில் உட்கார்ந்திருந்தார், யாரோ உட்காரச் சொன்னதுபோல, மரியாதையாக.

"ஏங்க, அடிபட்டுடுச்சா?"

"ஒண்ணுமில்ல" என்றார். முகம் மட்டும் வேறு ஏதோ சொன்னது.

பாய் அவர் கையைப் பார்க்கவில்லை. எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளக் ஒயர்களைச் சரிபார்த்தார். சரியாக இருந்தது. மறுபடி பார்த்தார். சரியாகவே இருந்தது. கடைசியில் சாமான் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள டைமிங் செயினைப் பல்லு மாத்திப் போட்டுட்டேன் போலருக்குது சார்" என்றார். தன்னைப் பற்றி அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அப்ப?"

"டேம்பரைக் கழட்டணும். முன்பக்கம் பூராவும் பிரிக்கணும். இழுத்துக் கழட்டற சாமான் புதுச்சேரிலதான் இருக்குது. நாளைக்குள்ள ஆவாது." கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "சம்பந்தி அப்பவே டாக்சின்னாரு. நான்தான் வாயைக் குடுத்தேன். இப்பப் போயி அவர் வாசல்ல நின்னு, என் எஞ்சின் ஓடல, டாக்சி அனுப்புங்கன்னு கேக்கணும். நாலு பேரு முன்னால பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கும்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாதபோது நான் காபி போடுவேன். திரும்பினேன்.

"அம்மா" என்று பாய் கூப்பிட்டார். தலை நிமிரவில்லை. "நான் சாக்பீஸ் வச்சிருந்தேன் பாருங்க, அது மேலதான பொட்டு வச்சீங்க? நல்ல காரியம். அதைப் பாத்துத்தான் டைமிங் வச்சேன்."

"எந்தப் பொட்டு பாய்?" என்றேன்.

பாய் இப்போது நிமிர்ந்தார்.

"எந்தப் பொட்டுன்னா? எத்தனை வச்சீங்க?"

"மூணு."

"மூணா?"

"ஒண்ணு வச்சா பேலன்ஸ் போயிடுமேன்னு..."

பாய் என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். என் கணவர், வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு, மணலில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "சாக்பீஸ் என்ன ஆச்சு?"

"அழுக்குன்னு துடைச்சிட்டேன்."

பாப்பா குல்லாயைப் பிடுங்கிக் கீழே போட்டது.

பாய் எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. "அப்ப செயினு சரியாத்தான் இருக்குது" என்றார். "அல்லா காப்பாத்தினான். நான் தப்புப் பண்ணலை சார். பாத்தீங்களா, நான் தப்புப் பண்ணலை." சைக்கிள் டைனமோ மாதிரி மனுஷர் மறுபடி எரிய ஆரம்பித்துவிட்டார்.

பிறகு கைத்துண்டை என்னிடம் நீட்டினார். "இடுக்குல கைய விட்டு, எட்டற பொட்டைத் துடைங்கம்மா. நீங்க வச்சது, நான் அழிக்க மாட்டேன். எங்க வீட்ல தெரிஞ்சா, பொட்டு அழிச்சியான்னு என்னைத்தான் கேப்பாங்க."

அந்த இடுக்கில் என் கைதான் நுழைந்தது. ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒரு பொட்டு வைத்தால் அது பக்தி. மூன்று வைத்தால் அது பயம். எனக்கு இத்தனை நாளாக இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை. ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்து முடித்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் செய்கிறோமே — பாதி வினை அந்த 'எதற்கும் இருக்கட்டும்' என்பதில்தான் இருக்கிறது. சர்க்கரை போட்ட காபியில் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஸ்பூன் போடுகிறவர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாய்க்கு இனிமேல் எந்தக் கோட்டின் மேலும் நம்பிக்கை இல்லை. எஞ்சின் தலையில் சின்னதாக ஒரு ஓட்டை இருக்கிறது, அதற்கு மூடி உண்டு. மூடியைத் திறந்து, நீளமாக ஒரு கம்பியை விட்டால் பிஸ்டன் மேலே வருவதைக் கையாலேயே உணரலாமாம். "வளையாத கம்பியா, மெலிசா, ஏதாவது இருக்குதாம்மா?"

இருந்தது. ஸ்வெட்டர் பின்னும் ஊசி.

"இந்த ஊர்ல யாருக்கும்மா ஸ்வெட்டர்?" என்றார் பாய்.

"பாப்பாவுக்கு. எதற்கும் இருக்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

ஊசி மெல்ல உயர்ந்து, உச்சியில் நின்று, இறங்க ஆரம்பித்தது. பாய் திருப்பி உச்சிக்குக் கொண்டுவந்து, டார்ச் அடித்தார். முள்ளுக்கு நேரே, நான் துடைத்து மினுக்கிய அந்த மயிரிழைக் கோடு. டைமிங்கைத் திரும்ப வைத்தார். இந்த முறை கைப்பிடியை அவரே சுற்றினார்.

எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமியது. அப்புறம் எடுத்துக்கொண்டது. பெரிய குடும்பம் ஒன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குறட்டை விடுவதுபோல, ஒரே சீரான சத்தம். பாய் ஒரு டம்ளரில் தண்ணீர் வாங்கி, ஓடுகிற எஞ்சின் மேல் வைத்தார். தண்ணீர் ததும்பவில்லை. விளிம்பில் லேசாக ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா டேம்பரை" என்றார் பாய், தானே பெற்றதுபோல.

அப்போதுதான் மூன்று பேரும் என் கணவரின் மணிக்கட்டைப் பார்த்தோம். கத்தரிக்காய் என்று சொன்னேனே, அப்போது அது நாட்டுக் கத்தரிக்காயாக இருந்தது. சாயங்காலம் இன்னொரு ஜாதி ஆயிற்று. எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம்? வறுத்த உப்பை மூட்டை கட்டி, ராத்திரி படுக்கும் வரை ஒத்தடம் கொடுத்தேன். எலும்பு உடையவில்லை. ஆனால் அந்தக் கையால் கியர் போட முடியாது. அந்த வண்டிக்குக் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, மாட்டைக் கொம்பைப் பிடித்துத் திருப்புவதுபோலத் திருப்ப வேண்டும்.

"நாளைக்கு யாருங்க ஓட்டறது?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

பதிலைச் சொன்னது மறுநாள் கூனிமேட்டில் காசிம் பாய். வண்டியை முந்தின நாள் சாயங்காலமே அவர்தான் பட்டறைக்கு ஓட்டிப் போயிருந்தார். நிக்காஹ் முடிந்து, சாப்பாடு முடிந்து, மெஹரைக் காரில் ஏற்றும் நேரம். புது வேட்டி, புதுச் சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. பாய் நேராகப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி பதறிப்போய் வந்தார். "என்னங்க இது? பொண்ணைப் பெத்தவரு நீங்க. வாசல்ல நின்னு அனுப்பறதை விட்டுட்டு நீங்களே வண்டி ஓட்டிக்கிட்டுப் போனா, சம்பந்தி வீட்ல என்ன பேசுவாங்க?"

"சாருக்குக் கையில அடி. வேற யாரு ஓட்டுவா? பொண்ணைப் பெத்தவன் வரலை, எஞ்சினைக் கட்டினவன் வர்றான்னு சொல்லு" என்றார் பாய்.

பின் சீட்டில் மெஹரும், மாப்பிள்ளையும், மெஹரின் பெரியம்மாவும். முன்னால் பாய், நடுவில் கையில் கட்டோடு என் கணவர், ஜன்னலோரம் மடியில் பாப்பாவோடு நான். கார்க்காரர் குடும்பம் என்று எங்களுக்கு மரியாதை. காரின் கதையை யாரும் கேட்காதவரை எனக்கும் அது பிடித்திருந்தது.

எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்ற ஜமாத்தார் தலையசைத்தார்கள். பாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கும் கண்ணாடியை மட்டும் ஒருமுறை திருப்பி வைத்தார். என் இடத்திலிருந்து பார்த்தபோது அதில் ரோடு தெரியவில்லை. ஜரிகை வைத்த ஒரு முக்காட்டின் ஓரம் தெரிந்தது.

புறப்பட்டோம்.

கூனிமேட்டிலிருந்து கோட்டக்குப்பம் கொஞ்ச தூரம்தான். சவுக்குத் தோப்பு, அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் முந்திரி. ரோடு காலி. என் கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பாய், டாப் கியர் போடலாமே. எஞ்சின் நல்லாத்தானே இழுக்குது?" என்றார்.

"புது எஞ்சின் சார்" என்றார் பாய், ரோட்டைப் பார்த்தபடி. "ரன்னிங் இன். மெதுவாத்தான் போவணும்."

பனங்காய் மூட்டை கட்டிய ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. அதன் பிறகு ஒரு மாட்டு வண்டி. வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மீன் கூடையோடு நடந்து போன ஒரு அம்மாள் சிறிது தூரம் எங்கள் பக்கத்திலேயே வந்தார். ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்து, "ஏம்பா, தள்ளி வுடணுமா?" என்று கேட்டார். பின்னால் மெஹர் அழுதுகொண்டிருந்தவள், அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கண்ணாடியில் பாயின் கண்கள் போய்விட்டு வந்தன.

"பொம்மையார்பாளையம் வந்திருச்சு மாமா" என்றார் மாப்பிள்ளை, உதவியாக. "இன்னும் கொஞ்சம்தான்."

"ரன்னிங் இன் மாப்பிள்ளை" என்றார் பாய். வண்டி இன்னும் கொஞ்சம் மெதுவானது.

டாக்டர் காரோடு கொடுத்த ஆங்கிலக் கையேடு ஒன்று வீட்டில் இருக்கிறது. புது எஞ்சின் என்றாலும் முப்பது மைல் வேகம் வரை தாராளமாகப் போகலாம் என்று அதில் அச்சடித்திருக்கிறது. என் கணவருக்கும் பாய்க்கும் அந்தப் பக்கத்தைப் படித்துத் தமிழில் சொன்னதே நான்தான். வேகம் காட்டும் முள் பத்தைக்கூடத் தொடவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை.